சீமாட்டி தலையை ஆட்டிய மாசி மாதம்

சந்தேகம் என்று ஒன்று மனசுக்குள் புகுந்துவிட்டால் ஜெயகணேஷுக்குச் சோறு தண்ணி இறங்காது. மாப்பிள்ளையூரணியில் பெயின்ட் கடை வைத்திருக்கிற ஆள். வீட்டுக்கு வருகிற கேஸ் சிலிண்டரைக் கடைத் தராசில் ஏற்றிப் பார்க்காமல் அடுப்படிக்கு விடமாட்டான். பால்காரர் மணியடித்தால் வாசலுக்கு ஓடி, பாலில் ஒரு சொட்டு எடுத்து நகத்தில் விட்டு, அது வழிகிறதா நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பான். "என்னைக்காவது என்னையும் தராசில ஏத்தத்தான் போறீங்க" என்று அவன் பெண்டாட்டி முருகேஸ்வரி கேலி பண்ணுவாள். அவனுக்குச் சிரிப்பு வராது. ஏற்றினால்தான் என்ன என்று யோசிக்கிற முகம்தான் வரும்.

இப்பேர்ப்பட்ட மனுஷன் உலகத்தில் இரண்டே இரண்டு உயிர்களைச் சந்தேகப்படாமல் இருந்தான். ஒன்று சீமாட்டி, அவனுடைய பந்தயக் குதிரை. செம்பட்டை நிறம், நெற்றியில் வெள்ளைச் சுழி, நாலு வருஷமாகச் சித்திரைக் கோயில்கொடைப் பந்தயத்தில் பெரிய குதிரை வண்டிப் பிரிவில் முதலாவதாக வருகிற பெட்டை. மற்றொன்று மாசானம், அந்த வண்டியின் சாரதி. ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வயல்காட்டு ஊர்க்காரன். ஒன்பது வருஷமாகச் சீமாட்டியைக் குட்டியிலிருந்து வளர்த்துப் பழக்கியது அவன் கைதான். ஜெயகணேஷ் கடையில் இருக்கிற நேரம் போக மிச்ச நேரம் குதிரையைப் பார்ப்பான். மாசானம் தூங்குகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் பார்ப்பான்.

மாசி பிறந்து நாலாவது நாள். காலையில் தருவைகுளம் ரோட்டில் பழக்க ஓட்டம். நன்றாகப் போய்க்கொண்டிருந்த சீமாட்டி திடீரென்று தலையை மேல் நோக்கி ஒரு வெட்டு வெட்டியது, மூக்கில் குளவி கொட்டினாற்போல. பத்தடி தள்ளி மறுபடியும் ஒரு வெட்டு. அப்புறம் நின்றேவிட்டது. மூக்கை முன்னங்காலில் வைத்துத் தேய் தேய் என்று தேய்த்து, புர்ரு புர்ரென்று ஊதியது. மாசானம் இறங்கி வாயைத் திறந்து பார்த்தான், கடிவாளத்தைக் கழற்றிப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை.

"போன மாசியிலயும் லேசா இப்படி ஆட்டுனா அண்ணாச்சி. ஈக்கடின்னு விட்டுட்டோம். சித்திரையில தன்னால நின்னு போச்சுலா" என்றான் மாசானம்.

"போன மாசி கெடக்கட்டும்ல. இந்தச் சித்திரைக்கு இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு" என்றான் ஜெயகணேஷ். தலையாட்டுகிற குதிரையைப் பந்தயத்தில் விட மாட்டார்கள். ஓடுகிற ஓட்டத்தில் தலையை வெட்டினால் வண்டி ஒரு பக்கமாக இழுத்து அடுத்த வண்டிமேல் ஏறிவிடும். உயிர்ச்சேதம் ஆகிப்போகும்.

முதலில் கண் திருஷ்டி என்று முடிவாயிற்று. நாலு வருஷம் முதலாவது வந்தால் ஊர்க்கண் சும்மா இருக்குமா? வெள்ளிக்கிழமை சாயந்தரம் உப்பும் மிளகாயும் தெருமண்ணும் எடுத்துச் சீமாட்டியை மூன்று சுற்றுச் சுற்றி நெருப்பில் போட்டான். போதாததற்குச் சாம்பிராணிப் புகை வேறு. குதிரை கட்டுத்தறியைப் பிடுங்குகிற மாதிரித் தலையை வெட்டி, கண்ணீர் வடிய நின்றது. "பாத்தியாளா, எம்புட்டுக் கண்ணு பட்டிருக்குன்னு!" என்று பெண்டாட்டியிடம் காட்டினான். மிளகாய்ப் புகையை மூக்கில் விட்டால் எந்தக் குதிரைதான் கும்பிட்டுக்கொண்டு நிற்கும்? சொன்னால் கேட்கிற ஆளா அவன்!

மறுநாள் தீவனக்கடையில் கொள்ளு வாங்கப் போனபோது, கடைக்கார முத்துமணி அண்ணாச்சி அவனைச் சாக்குமூட்டைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். குதிரைவண்டிக்காரர்கள் எல்லாரும் கூடுகிற கடை அது. அங்கே பேசப்படாத சங்கதி தூத்துக்குடிச் சுற்றுவட்டாரத்திலேயே கிடையாது.

"ஏடே கணேசு, நான் சொன்னேன்னு வெளிய சொல்லாத. போன செவ்வாக்கெழம சாயர்புரத்துல தங்கதுரை வீட்டு வாசல்ல ஒன் மாசானத்தப் பாத்தேன். ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசிட்டு நிக்காங்க. எனக்கு என்னமோ சரியாப் படல."

தங்கதுரை என்பவர் மூன்று வருஷமாக இரண்டாவதாக வருகிற வண்டிக்குச் சொந்தக்காரர். சீமாட்டி ஓடவில்லை என்றால் முதலாவது வரப்போகிறவர். ஜெயகணேஷ் கொள்ளு வாங்காமலே கிளம்பிவிட்டான். வீட்டுக்கு வந்ததும் மாசானத்தைச் சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டான்.

"சாயர்புரம் போயிருந்தியோல?"

"ஆமா அண்ணாச்சி. தங்கதுரை அண்ணாச்சி குதிரைக்குப் போன வருஷம் வயித்துவலி வந்தப்ப ஒரு டாக்டரம்மா பாத்தாங்களாம். நம்ம புள்ளைக்கும் காட்டலாமேன்னு நம்பர் வாங்கப் போனேன். இந்தா இருக்கு."

ஜெயகணேஷ் அந்தச் சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். எதிராளி அனுப்புகிற டாக்டரா? நல்லாயிருக்கே கதை என்று மனசு சொல்லிற்று.

அன்றைக்கே குதிரையை இடம் மாற்றினான். உப்பளத்துக்குப் பக்கத்தில் அவனுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் உண்டு. நிலம் என்று பேர்தான், முழுக்கச் சீமைக் கருவேல மரம். அந்தப் பக்கத்தில் உடங்காடு என்பார்கள். நடுவில் ஒரு தகரக் கொட்டகை. மாசியில் மரமெல்லாம் மஞ்சள் பூச்சரம் சரம் சரமாகத் தொங்கி, தேனீ இரைந்துகொண்டிருந்தது. அதையெல்லாம் அவன் எங்கே பார்த்தான்? எந்தப் பக்கம் திரும்பினாலும் முள், ஒரு ஈ காக்கா உள்ளே வர முடியாது என்பதைத்தான் பார்த்தான். கேட்டுக்குப் பூட்டு. சாவி இரண்டு. ஒன்று அவனிடம், ஒன்று மாசானத்திடம்.

மூன்றே நாளில் தலையாட்டம் இரட்டிப்பானது. வெயில் ஏற ஏற, நின்ற இடத்திலேயே வெட்டியது. மூக்கைக் கொட்டகைத் தூணில் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. ஜெயகணேஷ் கடைக் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு விரலை மடக்கினான். உள்ளே போகக்கூடியவர்கள் இரண்டு பேர். அதில் ஒருத்தன் நான். நான் எதுவும் செய்யவில்லை. அப்படியானால்?

இந்த நேரம் பார்த்து மாசானம் வந்து, "அண்ணாச்சி, ஒரு அதிசயம்" என்றான். "சாயந்தரம் நாலு மணிக்குத் தருவைகுளம் கடக்கரைக்குக் கூட்டிட்டுப் போனா ஆட்டவே மாட்டேங்கா. கடக்காத்து அடிக்கையில பச்சப்புள்ள மாதிரி நிக்கா. பேசாம அங்கனயே ஒரு எடம் பாத்துக் கட்டுவோமா?"

பாவி, நல்லதைத்தான் சொன்னான். ஆனால் கேட்டவன் காது சரியில்லையே. ஜெயகணேஷ் அன்றைக்குச் சாயந்தரம் ஸ்கூட்டரைத் தள்ளி நிறுத்திவிட்டு, கரையேற்றி வைத்திருந்த ஒரு வள்ளத்துக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தான். மாசானம் முழங்கால் தண்ணீரில் குதிரையை நிறுத்தி முதுகைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தான். சீமாட்டி காதைத் தளர்த்திக்கொண்டு அப்படியே நின்றது. ஒரு வெட்டு இல்லை, ஒரு தும்மல் இல்லை. சந்தோஷப்பட வேண்டியவன் உடம்பெல்லாம் எரிந்துபோனான். நிறுத்த இவனுக்குத் தெரிகிறது. நிறுத்தத் தெரிந்தவனுக்கு ஆட்டிவைக்கவும் தெரியும்தானே!

மறுநாள் விடிந்ததும் தனியாகக் கொட்டகைக்குப் போனான். தண்ணீர்த் தொட்டியில் மேலாக மஞ்சளாய் மெல்லிய ஏடு படிந்திருந்தது. தீவனப் பெட்டியின் விளிம்பிலும் அதே மஞ்சள் தூள். ஆணியில் மாசானத்தின் துண்டு தொங்கியது. எடுத்து உதறினான். மஞ்சள் தூள் பறந்தது. ஒரு பேப்பரில் வழித்துச் சேர்த்து மோந்து பார்த்தான். தின்னர், வார்னிஷ், டர்பன்டைன் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுகிற மூக்கு அது. ஒரு வாசமும் இல்லை. வாசமே இல்லாத மருந்தென்றால் எவ்வளவு பெரிய மருந்தாக இருக்கும் என்று அவன் கணக்குப் போட்டான். பொட்டலத்தை மடித்து மடியில் கட்டிக்கொண்டான்.

வண்டிக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சாரதிமேல் சந்தேகம் வந்தால் போலீஸுக்கெல்லாம் போகமாட்டார்கள். ஊர் எல்லைச் சுடலைமாடன் கோயிலில் நாலு பேரை வைத்து, சூடத்தைக் கொளுத்தி, கையால் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொல்வார்கள். அணைத்தவன் குற்றமில்லாதவன். ஆனால் அத்தோடு அவன் கதை முடிந்தது. சூடம் அணைக்கிற அளவுக்குப் பேர் கெட்ட சாரதி கையில் எந்த வண்டிக்காரனும் மறுபடி கடிவாளக் கயிற்றைக் கொடுக்க மாட்டான். சத்தியம் மெய்யா பொய்யா என்று எவனும் கேட்கவும் மாட்டான். இது ஜெயகணேஷுக்கும் தெரியும், மாசானத்துக்கும் தெரியும்.

ஜெயகணேஷ் நாலு பேரைக் கூப்பிடவில்லை, எட்டு பேரைக் கூப்பிட்டான். ஏழு பேர் வண்டிக்காரர்கள், எட்டாவது ஆள் முத்துமணி அண்ணாச்சி. மாசானம் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றான். குதிரைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து ஓடிவந்திருக்கிறான்.

"சூடத்த அணைச்சுச் சொல்லு. சீமாட்டிக்கு நீ ஒண்ணும் வைக்கலன்னு."

மாசானத்துக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. "அண்ணாச்சி, இத அணைச்சிட்டா அதுக்கப்புறம் எவனும் என்னைய வண்டியில ஏத்த மாட்டான். எனக்கு வேற தொழில் தெரியாது. யோசிச்சுத்தான் சொல்லுதீங்களா?"

"தப்புப் பண்ணலன்னா ஒனக்கு என்னல பயம்?"

"பயமா?" என்றான் மாசானம். எரிகிற சூடத்தின்மேல் வலது உள்ளங்கையை வைத்தான். பட்டென்று அணைத்துவிட்டுக் கையை எடுப்பதுதான் எல்லாரும் செய்வது. அவன் எடுக்கவில்லை. சூடம் அணைந்தும் கையை அழுத்தியே வைத்திருந்தான். "அந்தப் புள்ளைக்கு நான் மனசால கூடக் கெடுதி நெனைக்கல. மாடன் பாத்துக்கிடட்டும்" என்றான். பிறகு இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக் கோயில் படியில் வைத்தான். "தொட்டித் தண்ணிய ரெண்டு வேளையும் மாத்துங்க. பழைய தண்ணின்னா வாய் வைக்க மாட்டா" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தான். எட்டு பேரும் அவன் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முத்துமணி அண்ணாச்சி தலையை ஆட்டி, "அழுத்தமான ஆளுடே" என்றார்.

சரி, துஷ்டனைத் துரத்தியாயிற்று, குதிரை நேராக வேண்டுமே? எங்கே ஆயிற்று! பங்குனி பிறந்ததும் இன்னும் மோசம். கடற்கரைக்குக் கூட்டிப் போகவும் ஆளில்லை, இரவும் பகலும் உடங்காட்டுக்குள்ளேயே கிடந்தது. மாசானம் எதையோ புதைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று ஜெயகணேஷ் கொட்டகைத் தரையை இடுப்பளவு தோண்டினான். ஒரு ஒற்றைச் செருப்பும் உப்புக்கட்டியும் கிடைத்தன. சீமாட்டி தீவனத்தைக் குறைத்து, விலா தெரிய, கண்ணில் நீர் ஒழுக நின்றது. கடைசியில் ஜெயகணேஷ் வேறு வழியில்லாமல் சட்டைப்பைச் சீட்டைத் தேடியெடுத்து அந்த நம்பருக்கே போன் போட்டான்.

டாக்டர் ரம்யா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். முப்பது வயசு இருக்கும். கேட்டுக்குள் கால் வைத்ததும் வரிசையாக மூன்று தும்மல் போட்டாள். அப்புறம் பல்லைப் பார்த்தாள், காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள், கண் இமையைப் புரட்டிப் பார்த்தாள். தன் கையால் குதிரையின் கண்ணுக்கு வெயில் படாமல் மறைத்துப் பார்த்தாள். ஜெயகணேஷ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மடியிலிருந்த பொட்டலத்தை நீட்டினான்.

"இத லேபுக்கு அனுப்புங்க டாக்டர். என்ன விஷம்னு தெரியணும். ஆளு யாருன்னு எனக்குத் தெரியும்."

அவள் பிரித்துப் பார்த்தாள். வெளியே போய், தாழ்ந்திருந்த கிளையில் ஒரு பூச்சரத்தைப் பறித்து, அதே பேப்பரின் ஓரத்தில் வைத்துத் தேய்த்தாள். அதே மஞ்சள், அதே தூள்.

"அண்ணாச்சி, உங்க சட்டைத் தோளைத் தட்டுங்க."

தட்டினான். வெயிலில் மஞ்சளாய்ப் புகைந்தது.

"பூந்தூள். மகரந்தம்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்கல்லா, அது. சில குதிரைக்கு இது சேராது. மூக்குக்குள்ள போனதும் முகத்து நரம்பு கூசிப்போகும். கரண்ட் ஷாக் அடிச்ச மாதிரி இருக்குமாம், அதான் தலைய வெட்டுது. வெயிலும் சேர்ந்தா இன்னும் கூடும். இந்தப் பூ பூக்குற காட்டுக்குள்ள கொண்டாந்து கட்டியிருக்கீங்களே, எதுக்கு?"

"எதிரி கண்ணுல படாம இருக்கத்தான்."

"நல்லா மறைச்சீங்க, போங்க. போன வருஷமும் ஆட்டுச்சா?"

"மாசியில லேசா. சித்திரையில தன்னால நின்னுச்சு."

"சித்திரையில நின்னுச்சா? அப்போ உங்க எதிரி மாசி, பங்குனி ரெண்டு மாசம் மட்டும்தான் எதிரியா இருக்காரு போல" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு எழுதிக் கொடுத்தாள். மரமில்லாத இடத்துக்கு, முடிந்தால் கடலோரத்துக்கு மாற்ற வேண்டும். புல்லை நனைத்துப் போட வேண்டும். புகை கூடவே கூடாது. வெயிலில் கண்ணுக்கு மறைப்பு வேண்டும். மூக்குத் துவாரம் மூடுகிற மாதிரி நைஸான வலைத்துணி கட்ட வேண்டும், வாயை மூடக்கூடாது. "எல்லாக் குதிரைக்கும் கேக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். பாதி கொறைஞ்சாலே நல்லது" என்றாள். சத்தியம் என்ற வார்த்தை ஜெயகணேஷுக்குச் சுருக்கென்று தைத்தது.

ஆனாலும் விடுவானா? இவள் தங்கதுரைக்குத் தெரிந்த டாக்டர். மாசானம் கொடுத்த நம்பர். மூன்று பேரும் ஒரு கூட்டாக இருந்தால்? அன்றைக்குச் சாயந்தரம் தானே குதிரையைப் பிடித்துக்கொண்டு தருவைகுளம் கடற்கரைக்குப் போனான். மாசானம் இல்லை, மருந்து இல்லை, ஒன்றும் இல்லை. கிழக்கேயிருந்து கடல்காற்று அடித்தது. சீமாட்டி தண்ணீரில் இறங்கி நின்றது. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். அது தலையை ஆட்டுகிறதா என்று கண் கொட்டாமல் பார்த்தான். "ஆட்டுளா" என்று கெஞ்சினான். "ஒரே ஒரு தடவ ஆட்டிரு தாயி." ஆட்டிவிட்டால் அவன் செய்தது சரியாகிவிடும். சீமாட்டி காதைத் தளர்த்திக்கொண்டு, கடலைப் பார்த்தபடி நிம்மதியாக நின்றது.

ஜெயகணேஷ் ஈரமணலில் உட்கார்ந்துவிட்டான். எட்டு பேரைக் கூட்டி வைத்து ஒருத்தன் கையைச் சுட வைத்தோமே என்று நினைத்தபோது, அவமானத்தில் அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதான். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.

தருவைகுளத்திலேயே கடலைப் பார்த்த ஒரு வெற்றுக் கொட்டகை கிடைத்தது. வலைத்துணிக்குத் தையல்காரி பிளாரன்ஸிடம் போனான். மாதா கோயிலில் முதல் தடவையாக நற்கருணை அப்பம், அதாவது புதுநன்மை, வாங்குகிற பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுனும் தலைக்கு முக்காடும் தைக்கிறவள். முக்காட்டுத் துணியில் மிச்சம் இருந்தது.

"குதிரைக்கா? ஏ மாதாவே!" என்று வாயைப் பொத்திச் சிரித்தாள். "எந்தக் கோயில்ல அண்ணாச்சி நன்மை குடுக்காங்க?" சிரித்தாலும் கெட்டிக்காரி. குதிரையின் மூக்கை நூலால் அளந்து, துணியை இரண்டாக மடித்து, மூச்சு முட்டாமல் கடிவாளத்தின் மூக்குப்பட்டையில் ஒட்டுகிற மாதிரித் தைத்துக் கொடுத்தாள். முதல் நாள் சீமாட்டி அதை உதறித் தள்ளப் பார்த்தது. மூன்றாம் நாள் ஏற்றுக்கொண்டது. ஒரு பர்லாங் ஓட்டத்தில் பத்துத் தடவை வெட்டியது, ஒன்று இரண்டாகக் குறைந்தது. தீவனம் எடுத்தது. மூக்குப் புண் காய்ந்தது.

அன்றைக்கு ராத்திரிச் சோறு போடும்போது முருகேஸ்வரி கேட்டாள். "குதிரை மூக்குக்கு வலை கட்டியாச்சு. மாசானத்துக்கு என்ன கட்டப் போறீங்க?"

விடிந்ததும் ஜெயகணேஷ் ஸ்ரீவைகுண்டம் பஸ் ஏறினான்.

அறுப்பு நேரம். மாசானம் களத்தில் நெல் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. ஜெயகணேஷைப் பார்த்ததும் மூட்டையை இறக்கினான். ஜெயகணேஷ் மரமும் பூவும் தூளும் டாக்டரும் எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினான். மாசானம் முதலில் கேட்டது, "இப்ப திங்காளா?" என்றுதான்.

"திங்கா. கடக்கரையிலதான் கட்டியிருக்கேன். நீ சொன்ன மாதிரியே."

மாசானத்தின் முகம் ஒரு நொடி மலர்ந்தது. உடனே இறுகிப்போயிற்று. ஒன்பது வருஷமாக நீங்க, வாங்க என்று பேசியவன் இப்போது வேறு மாதிரிப் பேசினான். "அன்னைக்கு எத்தன பேரக் கூட்டி வச்சீரு?"

"எட்டு பேரு."

"அந்த எட்டு பேரும் இங்கன இல்லையே. என்ட்ட வந்து சொல்லி என்னத்துக்கு? நான் வைக்கலன்னு எனக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். "மூணு எடத்துல சாரதி வேலை கேட்டேன். மூணு பேரும் சூடத்தப் பத்தித்தான் கேட்டாங்க."

ஜெயகணேஷ் அந்த எட்டு பேரையும் முத்துமணி அண்ணாச்சி கடைக்கு வரவழைத்தான். பூச்சரத்தை எல்லார் கையிலும் கொடுத்தான். நான்தான் தப்புப் பண்ணினேன், மாசானம் பத்தரைமாற்றுத் தங்கம் என்று நின்றுகொண்டு சொன்னான். அவன் வாழ்நாளில் தப்பு என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எல்லாரும் பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். முத்துமணி அண்ணாச்சி மெதுவாகச் சிரித்தார்.

"ஏடே கணேசு, கொடைக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கு. ஒனக்குச் சாரதி கெடைக்கல. அதுக்குத்தான இந்தப் பூக்கதை?"

மற்ற ஏழு பேரும் சிரித்தார்கள். அவர்கள் இடத்தில் தான் இருந்திருந்தால் அட்சரம் பிசகாமல் இதைத்தான் சொல்லியிருப்போம் என்று ஜெயகணேஷுக்குத் தெரிந்தது. தனக்கு ஆதாயம் இருக்கிற வரைக்கும் தன் பேச்சு எடுபடாது. இரண்டு நாள் கடையில் உட்கார்ந்து யோசித்தான். மூன்றாம் நாள் சாயர்புரம் போய், வாழ்க்கையில் மிதிக்கவே கூடாது என்று வைத்திருந்த தங்கதுரை வீட்டு வாசலை மிதித்தான்.

"என் குதிரை இந்த வருஷம் ஓடாது. பேர் குடுக்க மாட்டேன். மாசானத்த உங்க வண்டியில ஏத்துங்க அண்ணாச்சி."

தங்கதுரை நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். "என்னய்யா இது, என் குதிரையக் கெடுக்கதுக்கு ஆள் அனுப்புதீரா?"

ஜெயகணேஷுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "இல்ல அண்ணாச்சி. அவன் கையப் பத்தி ஒங்களுக்குத் தெரியும். மூணு வருஷமா அந்தக் கைட்டதான தோத்தீங்க."

"அது சரி. இதுல ஒமக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணுமே இல்ல. அதான் ஒங்ககிட்ட வந்து கேக்கேன்."

தங்கதுரை உடனே ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டர் ரம்யாவுக்குப் போன் போட்டு விசாரித்தார். தருவைகுளம் போய்ச் சீமாட்டியைக் கண்ணால் பார்த்து, வலையைத் தொட்டுப் பார்த்து, ஒரு வாரம் ஆறப்போட்டு, அப்புறம்தான் மாசானத்துக்கு ஆள் அனுப்பினார். மாசானம் போனான். ஜெயகணேஷிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கொடையன்றைக்குப் பந்தய ரோட்டில் இரண்டு பக்கமும் ஜனம். ஜெயகணேஷும் கூட்டத்தோடு கூட்டமாக நின்றான். அவன் வண்டியில்லாத முதல் பந்தயம். மைக்கில் அலறினார்கள். "பெரிய குதிரை வண்டி! முதலாவது வந்துகொண்டிருப்பது சாயர்புரம் தங்கதுரை அவர்கள் வண்டி! சாரதி மாசானம்! ஸ்ரீவைகுண்டம் மாசானம்!" புழுதியைக் கிளப்பிக்கொண்டு வண்டி வந்தது. மாசானம் எழுந்து நின்று ஓட்டினான். புண் காய்ந்த உள்ளங்கையில் கயிறு இறுக்கிச் சுற்றியிருந்தது. ஜனம் அவன் பேரைச் சொல்லிக் கத்தியது. ஜெயகணேஷும் தொண்டை கிழியக் கத்தினான். தன் குதிரை முதலாவது வந்த நாலு தடவையும் இப்படிக் கத்தியதில்லை. வண்டி அவனைத் தாண்டிப் போயிற்று. மாசானம் திரும்பிப் பார்க்கவில்லை.

பக்கத்தில் நின்ற முத்துமணி அண்ணாச்சி அவன் தோளைத் தட்டினார்.

"பாத்தியாடே? அவன் தங்கதுரை ஆளுன்னு நான் அன்னைக்கே சொன்னேன்லா. இப்ப நெசமாப் போச்சா?"

ஜெயகணேஷுக்குச் சுரீரென்று ஏறியது. கையை ஓங்கிவிடுவோமோ என்று அவனுக்கே பயமாக இருந்தது. ஆனால் இந்த வாயிலிருந்து கிளம்புகிறது நாளைக் காலையில் தீவனக்கடையில் எல்லார் வாயிலும் இருக்கும். அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, அவன அங்கன அனுப்புனதே நான்தான். கேட்டுட்டுப் போங்க."

அவர் கண்ணைச் சுருக்கினார். "நீயா? அதுல ஒனக்கு என்னடே ஆதாயம்?"

ஜெயகணேஷ் அவர் கையை விடவில்லை. மாசி மாதம் நாலாம் தேதிக் காலையிலிருந்து மறுபடியும் சொல்லத் தொடங்கினான்.